பக்க விளைவே கிடையாது

நாகலூரில் ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த துண்டுப் பிரசுரத்துக்கு விமரிசனம் எழுதப் போகிறேன். நாவலுக்கும் கவிதைக்கும் மதிப்புரை எழுதுகிறவன் இதற்கெல்லாம் இறங்கி வரலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் நாவலைப் படித்துவிட்டு யாராவது பொடி போடுகிற பழக்கத்தையாவது விட்டதாக எனக்குத் தகவல் இல்லை. இந்தப் பிரசுரத்தைப் படித்த ஒரு மனிதர், ஒன்பது வருஷமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரையை விட்டுவிட்டார். எழுத்துக்கு இவ்வளவு சக்தி இருக்குமானால் விமரிசகன் அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

அவர் காப்பித் தோட்டத்து மேஸ்திரி. மலைக்குப் போகிறபோதெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது என் வழக்கம். சர்க்கரை வியாதிக்காரர். முழங்கால் வலிக்காகக் கீழே இறங்கி ஒருவரிடம் போயிருக்கிறார். இந்தத் தடவை நான் போனபோது இடது காலில் பெரிய கட்டு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம்.

"ஊசிகூடக் குத்தலீங்க. நாடி பார்த்தாரு, ஒரே ஒரு இடத்துல விரலால தொட்டாரு. மாத்திரைதான் விஷம், அதை நிறுத்துன்னாரு. நோட்டீஸிலயும் பக்க விளைவு இல்லேன்னு போட்டிருந்துச்சுங்களே!" என்றார். பிறகு, மடித்து வைத்திருந்த ஒரு பிரதியை எடுத்து நீட்டி, "நீங்க எழுதுறவங்களாச்சே. இதுல எதுங்க தப்பு?" என்று கேட்டார்.

நான் வைத்தியன் அல்ல; வாக்கியங்களோடு பழகியவன். பிரசுரத்தில் நாலே வாக்கியங்கள். அக்குபங்சர் ஐயாயிரம் வருஷத்து வைத்தியம். மருந்தும் பரிசோதனையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டது. பக்க விளைவே கிடையாது.

முதல் வாக்கியத்தில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. இந்த வைத்தியத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் சீன நூலுக்கு வயது இரண்டாயிரம் வருஷத்தை ஒட்டித்தான். நம் நாட்டில் எல்லாப் பழமைக்கும் ஐயாயிரம் என்பதுதான் கணக்கு, போகட்டும். 1938-இல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து டாக்டர்களில் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே இறந்தார். சாந்தாராம் அவரைப் பற்றி 1946-இல் படமே எடுத்தார். அதே குழுவில் போன பி. கே. பாசு பிற்பாடு மீண்டும் சீனா சென்று ஊசி வைத்தியம் கற்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். படித்துப் பட்டம் பெற்ற ஒரு டாக்டர் கையோடுதான் அது இங்கே வந்து இறங்கியது என்பதை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். இந்திய அரசாங்கம் அதைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது 2019-இல்.

மூன்றாவது வாக்கியம் வேடிக்கையானது. சாட்சிக்கு அழைக்கப்பட்ட உலக சுகாதார நிறுவனம், 1999-இல் அக்குபங்சரின் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் என்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஊசி ஒடிவது, சிக்கிக்கொள்வது, நோயாளி மயங்கி விழுவது, தொற்று, உள்ளுறுப்பில் காயம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. தேர்ந்த கையில் இது பொதுவாகப் பாதுகாப்பானதே என்றும் அது சொல்கிறது. பிரசுரம் எழுதியவர் 'தேர்ந்த கையில்' என்ற இரண்டு வார்த்தைகளை வெட்டிவிட்டார். பதிப்பாசிரியர்களில் இப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

இப்போது கடைசி வாக்கியம். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்து எழுதிய ஓர் ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. ஏதாவது ஒரு பாதகம் ஏற்பட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 8.6 பேர். பெரும்பாலும் ஊசி பட்ட இடத்தில் ரத்தக் கசிவு, கன்றிப்போதல், வலி. அதற்காக வைத்தியம் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 2.2. நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தவர்கள் மொத்தத்தில் இரண்டே பேர். நல்ல கணக்குத்தான்; எத்தனையோ மாத்திரைகள் இதைவிட அதிகம் படுத்துகின்றன. ஆனால் அந்த ஊசிகளைப் போட்டவர்கள் எல்லோரும் மருத்துவக் கல்லூரியில் தேறி, அதற்குமேல் 140 மணி நேரமாவது இதில் பயிற்சி பெற்ற டாக்டர்கள். அந்தக் கணக்கு அவர்கள் கைகளுடைய கணக்கு. அதை எடுத்து யாரும் தம் அறைச் சுவரில் மாட்டிக்கொள்ள முடியாது.

கை தவறினால் என்ன ஆகும்? தோள் மேட்டிலும் மேல் முதுகிலும், ஒல்லியான ஆளுக்குச் சில இடங்களில் தோலுக்கும் நுரையீரலுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர்கூட இராது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் தோளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஊசி அந்த எல்லையைத் தாண்டினால் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கும். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் உடனே வராமல், வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். சிலருக்கு மார்பெலும்பின் நடுவில் பிறவியிலேயே ஒரு துவாரம் இருக்கும். அதன் வழியே ஊசி போய் இருதயத்தைத் தொட்டு உயிர் போனதும் பதிவாகியிருக்கிறது. 1984-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரே அக்குபங்சர் நிலையத்தில் 35 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியது. தென் கொரியாவின் முன்னாள் ஜனாதிபதி ரோ டே வூவுக்கு இருமல் நிற்கவில்லை. 2011-இல் அவருடைய சுவாசக் குழாயிலிருந்து விரல் நீள அக்குபங்சர் ஊசி ஒன்றை எடுத்தார்கள். ஒரு நாட்டையே ஆண்டவருக்கு இந்தக் கதி.

இவையெல்லாம் அபூர்வம் என்பதை மறுபடியும் சொல்கிறேன். ஒரு முறை பிரயோகித்து எறிகிற ஊசி வந்த பிறகு தொற்றும் குறைந்துவிட்டது. ஆனால் இவ்வளவு எழுதியும் மேஸ்திரியின் கால் விரல்களுக்கு இதில் பதில் இல்லை. அவரைத்தான் ஊசியே தொடவில்லையே!

இதுதான் தமிழ்நாட்டுக்கே உரிய சங்கதி. ஊசியில்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு, மற்ற மருந்தையெல்லாம் விலக்கச் சொல்கிற ஒரு முறை இங்கே பரவியிருக்கிறது. தொடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த மட்டில் நாலாவது வாக்கியம் சத்தியம். கெடுதல் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. மருந்தும் பரிசோதனையும் வேண்டாம் என்பது சிகிச்சையின் வர்ணனைபோல எழுதப்பட்ட கட்டளை. பரிசோதனை இல்லாததால் சர்க்கரை ஏறுவது தெரியாது. சர்க்கரை ஏறி நரம்பு மரத்துப்போனால் காலில் முள் குத்தியதும் தெரியாது. இன்சுலினை நம்பியே உயிர் வாழும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களே போதும். இதற்கு எந்த நாட்டிலும் ஊசிக் கணக்கில் இடமில்லை. சாவுப் பதிவில் வியாதியின் பெயர்தான் எழுதப்படும். நாலு வாக்கியங்களில் கெட்டிக்காரத்தனமான வாக்கியம் இதுதான், அதை இரண்டாவதாக, கண் நிற்காத இடத்தில் வைத்ததும் கெட்டிக்காரத்தனம்தான்.

நான் அந்த இரண்டாவது வரியின் கீழ் நகத்தால் ஒரு கோடு கிழித்து மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. அதை வாங்கி வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்ததாக அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார். "விஷத்தை நான் எதுக்குத் தின்னணும்னு சண்டைக்கு வந்தாருங்க."

முழங்கால் வலி இன்னும் போகவில்லையாம். நிஜமாகவே ஊசி போடுகிறவரிடம் போகலாமா என்று கேட்டார். முழங்கால் வலிக்குப் பலருக்குச் சற்றுக் குணம் தெரிவதாகச் சொல்கிறார்கள். போகக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? "உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, டாக்டருக்குப் படித்தவராகப் பார்த்துப் போங்கள். ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கட்டும். படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். மரத்துப்போன பாதத்தில் குத்த விடாதீர்கள்" என்றேன்.

"மாத்திரைங்க?"

"அது காலையிலேயே."