இருட்டும் முகங்களும்

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தைப் படமாக்க வேண்டும் என்றால் கோட்டை, குதிரை, படை என்று காசை இறைக்கத்தான் எவருக்கும் தோன்றும். 1979-இல் பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி அப்படிச் செய்யவில்லை. 1976-இல் ஸ்ட்ராட்போர்டின் சின்னஞ்சிறு ‘தி அதர் பிளேஸ்’ அரங்கில் ட்ரெவர் நன் மேடையேற்றிய வடிவத்தையே பிலிப் காசன் படம்பிடித்தார். பின்னால் இருட்டு, முன்னால் முகங்கள். அவ்வளவுதான்.

அந்த முகங்கள்தான் எத்தனை பேசுகின்றன! பெரிய மேடையில் கொலை எண்ணத்தைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லியாக வேண்டும். இங்கே மெக்பெத்தாக நடிக்கும் இயன் மெக்கெல்லனுக்கு முணுமுணுப்பே போதும். சில இடங்களில் கண்ணிமை அசைந்தாலே போதும். விருந்துக் காட்சியில், மெக்பெத் ஆளனுப்பிக் கொன்ற பாங்கோவின் ஆவி நம் கண்ணில் படுவதே இல்லை. வெற்றிடத்தைப் பார்த்து மெக்கெல்லன் நடுங்க, நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆவியைக் காட்டியிருந்தால் அது வெறும் ஒப்பனையாகப் போயிருக்கும்.

மெக்பெத்தின் மனைவியாக வரும் ஜூடி டென்ச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் நடந்து வந்து, இல்லாத ரத்தக்கறையைத் தேய்த்துத் தேய்த்து, அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் எழுப்புகிறார். அரியணை ஆசையின் முழு விலையும் அந்த ஓலத்தில் இருக்கிறது.

நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள், செட்டுக்குப் பணம் தேடும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.