உரைத்தவரும் உரையாதவரும்

முன்பின் அறியாத இருவர் சந்திக்கும்போது அவர்களிடையே எழும் வினாக்கள் பெரும்பாலும் மூன்று. ஊர் எது? யார் வீட்டுப் பிள்ளை? என்ன தொழில்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் அறிமுகம் முடிந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பள்ளிகளிலும் மாணவர்க்கு இதனையே பயிற்சியாகக் கொடுக்கிறோம். 'புதிய நண்பனுக்கு உன்னைப் பற்றிக் கடிதம் எழுதுக' என்கிறோம். மாணவரும் தம் பெயர், வயது, தந்தையின் வேலை, உடன்பிறந்தார் தொகை ஆகியவற்றை வரிசையாக எழுதித் தருகின்றனர். பிழையின்றி எழுதியவர்க்கு நல்ல மதிப்பெண் வழங்குகிறோம். ஆயினும் அக்கடிதங்களைப் படித்து முடித்த பின்னர், எழுதிய பிள்ளையைப் பற்றி நாம் யாதொன்றும் அறிந்துகொள்ளவில்லை என்ற உணர்வே மிஞ்சுகிறது.

இக்குறை மாணவரோடு நிற்பதன்று. நம் சிறுகதைகள் பலவற்றிலும் இதனைக் காணலாம். தன் வாழ்வைப் புதியவர் ஒருவரிடம் எடுத்துரைப்பது செய்தி தருவதா, நம்பிக்கை வைப்பதா என்னும் வினாவை எழுதுவோர் தமக்குள் எழுப்பிக்கொள்வதில்லை. நம் முன்னோர் இவ்வினாவை எழுப்பி, ஆழ்ந்த விடைகளையும் தந்துள்ளனர். அவ்விடைகளுள் இரண்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வள்ளுவர் வகுத்த இரு நெறிகள்

திருக்குறளில் 'நட்பு', 'நட்பாராய்தல்' என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன்னதில் வரும் 785ஆம் குறள், நட்புக் கொள்வதற்கு ஒன்றாய் இருந்து பழகுதல் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்கிறது. பின்னதில் வரும் 793ஆம் குறளோ, ஒருவனுடைய குணம், குடிப்பிறப்பு, குற்றம், சுற்றம் ஆகியவற்றை அறிந்த பின்னரே நட்புக் கொள்ளுதல் வேண்டும் என்கிறது. ஒன்று உசாவ வேண்டா என்பது போலவும், மற்றொன்று உசாவியே ஆக வேண்டும் என்பது போலவும் தோன்றுகின்றன. இஃது என்ன முரண் என்று மாணவர் வினவுவதுண்டு.

இது முரணன்று. உணர்ச்சியால் தோன்றும் நட்பு ஒரு வகை. ஆராய்ந்து கொள்ளும் நட்பு மற்றொரு வகை. வாழ்க்கையில் இரண்டும் உண்டு. ஆயினும் ஆராய்வோன் வினாவை எழுப்பும்போது, எதிரில் நிற்பவன் விடை சொல்லும் நிலையில் இருக்கின்றானா என்பதே இலக்கியத்துக்குரிய சிக்கல். அங்குத்தான் புலவன் நுழைகின்றான்.

உரைத்தவர்

785ஆம் குறளுக்குப் பரிமேலழகர் எடுத்துக்காட்டாகக் கொள்வது கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட நட்பை. பாண்டிய நாட்டுப் புலவரும் சோழநாட்டு மன்னனும் நேரில் காணாமலே நண்பராயினர். தன் மக்களோடு பகை மூண்டு மனம் உடைந்த சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். தன் நண்பர் தவறாமல் வருவார் என்று கூறி, அவருக்கும் அருகில் இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார்.

அங்கிருந்த சான்றோர் அவரை நோக்கி ஒரு வினா எழுப்பினர். உம்மைப் பற்றிப் பல்லாண்டுகளாகக் கேள்வியுற்று வருகிறோம். ஆயினும் உமக்கு நரை தோன்றவில்லையே, அஃது எவ்வாறு என்பது அவ்வினா. புறநானூற்றின் 191ஆம் பாடல் அதற்கு அவர் கூறிய விடையாகும். மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர்கள், அரசன் தீமை செய்யாமல் காப்பவன், இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர்.

தமிழில் எழுந்த தன்னறிமுகங்களுள் இதனினும் சிறந்தது ஒன்றை யான் அறியேன். குடும்பம், வீடு, நாடு, ஊர் என நான்கும் இதில் வந்துவிட்டன. வராத பொருள் ஒன்றே. அது பிசிராந்தையாரின் புலமை. தம்மைப் பற்றிக் கேட்டவர்க்குத் தம்மைச் சூழ்ந்தவர்களைப் பற்றியே விடை கூறினார். தம் நிறைவு தமக்கு எவரெவரால் வாய்த்தது என்று கணக்குக் காட்டினார் எனலாம்.

ஆயின் இப்பாடலை அது கூறப்பெற்ற இடத்தோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். பெற்ற மக்களால் மனம் முறிந்த ஒரு தந்தை உயிர்விடத் துணிந்த இடம் அது. அவ்விடத்தில் நின்று, என் மக்கள் அறிவு நிரம்பியவர்கள் என்று ஒருவர் கூறுகின்றார். அது பெருமிதத்தால் எழுந்த சொல்லன்று. கேட்டவர்க்கு உண்மையை உரைத்தார், அவ்வளவே. எனினும் அவ்வுண்மை சோழனின் இழப்பை நமக்கு எத்துணை கூர்மையாகக் காட்டிவிடுகிறது! நிறைந்த வாழ்வும் முறிந்த வாழ்வும் அங்கு அருகருகே நிற்கின்றன. நிறைந்த வாழ்வினரோ, முறிந்த வாழ்வினனுடன் தாமும் உயிர்விடவே வந்திருக்கின்றார். இச்சூழலை விடுத்துப் பாடலை மட்டும் படிப்போர்க்கு அஃது ஒரு நல்வாழ்வுப் பட்டியலாகவே தோன்றும்.

உரையாதவன்

பிசிராந்தையாரால் எளிதில் உரைக்க முடிந்தது. அவர் வாழ்வில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒளிக்க வேண்டிய வாழ்வினன் என்ன செய்வான்? இதற்கு விடை சிலப்பதிகாரத்தில் உள்ளது.

கோவலனும் கண்ணகியும் புகாரை நீங்கி ஒரு காவதத் தொலைவு கடந்து கவுந்தியடிகளின் பள்ளியை அடைகின்றனர். அவர்களைக் கண்ட அடிகள், தோற்றத்தாலும் குலத்தாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தவராய்க் காணப்படும் நீங்கள் துன்புற்றாரைப் போல வீடு நீங்கி வந்தது ஏன் என்று வினவுகின்றார். இஃது அன்பினால் எழுந்த வினா. கோவலன் அதற்கு விடை கூறவில்லை. கூறுவதற்கு ஒன்றும் இல்லை, பொருளீட்டும் விருப்பத்தோடு மதுரைக்குச் செல்கின்றேன் என்ற அளவில் முடித்துக்கொள்கின்றான். மாசாத்துவானின் மகன் என்றோ, மாதவிபால் பொருளெல்லாம் தொலைத்தவன் என்றோ கூற அவன் நா எழவில்லை.

கவுந்தியடிகள் மேலும் துருவவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. வழியின் கொடுமையை எடுத்துக்கூறி, யானும் மதுரைக்கு வருகின்றேன் என்று உடன் புறப்படுகின்றார். வழியில் தீயோர் இருவர் எதிர்ப்பட்டு, இவர்கள் யார் என்று நகையாடிக் கேட்டபோது, இவர்கள் என் மக்கள் என்கின்றார். தமக்கு உரைக்கப்படாத வரலாற்றையும் பிறர் கிளறாமல் காக்கின்றார். கேட்டறிவது மட்டும் நட்பன்று, கேளாதிருப்பதும் நட்பே என்பதை இளங்கோவடிகள் இவ்விடத்தில் காட்டிவிடுகின்றார்.

இன்னும் ஒன்று. வழியில் மாங்காட்டு மறையோனைக் காணும் கோவலன், நும் ஊர் எது, இங்கு வந்த காரணம் யாது என்று வினவுகின்றான். தான் விடை கூற மறுத்த அதே வினா! அம்மறையோன் தயக்கமின்றித் தன் ஊரையும் பயணத்தையும் உரைக்கின்றான். தன்னைப் பற்றி உரைக்க இயலாதவன் பிறரைப் பற்றிக் கேட்கும் ஆவலுடையவனாய் இருத்தல் மனித இயல்பு. நாமும் அத்தகையோரைக் கண்டிருக்கின்றோம்.

மதுரையின் புறஞ்சேரியை அடைந்த பின்னரே கோவலனின் நா அவிழ்கிறது. நெறி தவறிய என்னால் இவள் துயருற, அறியாத நாட்டில் அலைந்து சிறுமையடைந்தேன் என்று கவுந்தியடிகளிடம் தானே கூறுகின்றான். இம்முறை எவரும் அவனைக் கேட்கவில்லை. பள்ளியில் கேட்டபோது வராத விடை, கேளாதபோது வருகிறது. இடையில் நிகழ்ந்தது யாது? நெடுவழி நிகழ்ந்தது. உடன் நடந்து வந்த அத்தவமுதியாரின் பொறுமை நிகழ்ந்தது. கோசிகன் வாயிலாகப் பெற்றோரின் துயரத்தைக் கேட்டறிந்தமையும் நிகழ்ந்தது. ஒரு மனிதனின் வாழ்வுக்கதை வெளிப்படுவதற்கு எத்துணைத் தொலைவு வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எவர் அளந்து காட்ட இயலும்?

எவரும் கேளாத வினா

மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தரும்போது கவுந்தியடிகள் ஒன்று கூறுகின்றார். இவள் கணவனின் தந்தை பெயரைக் கேட்டால், இந்நகரத்து வணிகர்கள் பெறற்கரிய பொருளைப் பெற்றவர் போல் இவர்களை விருந்தாக ஏற்பர் என்பது அக்கூற்று. கோவலனும் தன் நிலையை அவ்வணிகர்க்கு உணர்த்தி வருவதாக முன்னரே கூறியிருந்தான். ஆயினும் சிலம்புடன் நகருக்குள் சென்றவன், எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் சிலம்பின் விலையையே பேசுகின்றான். தந்தையின் பெயரை எவரிடமும் உரைத்ததாகக் காப்பியம் கூறவில்லை.

அவனையும் எவரும் கேட்கவில்லை. பொற்கொல்லன் கேட்கவில்லை. அரசன் ஆராயாமல் ஆணையிட்டான். கொல்ல வந்த காவலர், இவன் தோற்றத்தைக் கண்டால் கள்வன் என்று கூற இயலாது எனத் தயங்கினரே அன்றி, நீ யார் என்று வினவினாரில்லை. அவ்வினாவை அரசன் முதன்முறையாக எழுப்புவது கண்ணகியிடம். அப்பொழுது கோவலன் உயிரோடில்லை. அவள் தன் ஊரைக் கூறுகின்றாள். மாமனாரின் குடியைக் கூறுகின்றாள். வாழ்வு தேடி வந்ததைக் கூறுகின்றாள். கணவன் கொலையுண்டதைக் கூறுகின்றாள். தன் பெயரை இறுதியில் கூறுகின்றாள். ஊர், குடும்பம், தொழில், பெயர் ஆகிய அனைத்தும் வந்துவிட்டன. கோவலன் தக்க இடத்தில் கூறியிருக்க வேண்டிய அறிமுகம் இதுவே. அன்று நட்பாக மலர்ந்திருக்கக் கூடிய சொற்கள் இன்று வழக்காக எழுந்து நிற்கின்றன.

இதனை ஊழ் என்பர். இளங்கோவடிகளும் அவ்வாறே கூறுகின்றார்; மறுப்பதற்கில்லை. எனினும் தந்தையின் பெயர் கதவுகளைத் திறந்திருக்கும் என்பதைக் கவுந்தியடிகளின் வாயிலாகக் கூற வைத்தவரும் அவரே. தப்பும் வழி ஒன்று இருந்தது என்பதைப் படிப்போர்க்குக் காட்டிய பின்னரே ஊழின் வலிமையைக் காட்டுகின்றார்.

ஒரு குறையையும் கூறாமல் விடலாகாது. தந்தையின் பெயர் கதவு திறக்கும் நகரில், அத்தகைய பெயர் இல்லாதவன் என்ன செய்வான்? 793ஆம் குறள் கேட்கும் குடிமை, மக்களைச் சலித்துப் பிரிக்கும் சல்லடையாகவும் ஆகிவிடாதா? மாணவர் இவ்வினாவை எழுப்பினால் ஆசிரியர் அதனை அடக்குதல் தகாது. இந்நாட்டுத் தோட்டங்களிலும் 'ஊரில் எந்தப் பக்கம்' என்ற வினா சில வேளைகளில் அன்பால் எழுந்தது. சில வேளைகளில் சாதியை அறியவே எழுந்தது. கேட்கப்பட்டவர் இரண்டையும் வேறு பிரித்து அறிந்திருந்தனர். தோட்டத்தின் பெயரை மட்டும் விடையாகக் கூறி நிறுத்திக்கொண்டவர்கள் கோவலனைப் போலத் தயங்கியவர்கள் அல்லர், தம்மைக் காத்துக்கொண்டவர்கள்.

நம் கதைகளுக்கு ஒரு சொல்

இனி நம் சிறுகதைகளைக் காண்போம். பேருந்தில் இருவர் அருகருகே அமர்கின்றனர். ஒருவர் ஊரைக் கேட்கின்றார். மற்றவர், தந்தை கங்காணியுடன் கப்பலேறியது முதல், தோட்டம் துண்டாடப்பட்டது வரை அனைத்தையும் அடுத்த நிறுத்தத்திற்குள் கூறி முடிக்கின்றார். கங்காணி முறையில் ஆள் சேர்த்தல் 1938ஆம் ஆண்டில் இந்திய அரசின் தடையால் முடிவுற்றது. தோட்டத் துண்டாடல் அதன்பின் பல ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது. இத்துணை நீண்ட காலத்தை ஒரு மூச்சில் கூறும் மனிதர் எவரும் இலர். அவர் வாயில் பேசுபவர் ஆசிரியரே. செய்தி கிடைக்கிறது, மனிதர் கிடைப்பதில்லை.

இந்நாட்டு முதியோரை நேரில் அறிந்தவர்கள் இதனை உணர்வர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டவருள், சொல்ல என்ன இருக்கிறது என்று கூறி வெற்றிலையை மடித்தவர்கள் உண்டு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அத்துயரத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்தவை. அவை நமக்குத் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம், பலர் தம் வீட்டாரிடமும் வாய் திறவாமல் மறைந்தமையே ஆகும்.

ஆகவே, கதை எழுதும் மாணவர் இத்தகைய காட்சியை அமைக்கும்போது மூன்றனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கேட்பவர் எதற்காகக் கேட்கின்றார்? உரைப்பவர் எதனை உரையாமல் விடுகின்றார்? உரைத்த பின்னர் இருவரிடையே என்ன மாறுகிறது? மூன்றாம் வினாவுக்கு விடை இல்லையேல் அக்காட்சியை நீக்கிவிடலாம்; கதைக்கு இழப்பு ஏதும் நேராது.

ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். புதிய நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் தந்தையின் தொழிலை எழுதாமல் விட்ட மாணவனுக்கு, குறிப்பு விடுபட்டது என்று மதிப்பெண்ணைக் குறைக்க விரைதல் வேண்டா. அவன் மறந்திருக்கலாம், மறக்காமல் விட்டிருக்கவும் கூடும். கவுந்தியடிகளைப் போலச் சிறிது தொலைவு உடன் நடந்து பார்ப்போம். உரைக்கும் காலம் வரும்போது அவனே உரைப்பான்.