அடிவாரத்தின் வரலாறு

மதுரைக்கு மேற்கே, தேனி சாலையிலிருந்து விலகி உள்ளே போனால் கீழக்குயில்குடி. முன்னால் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில், பின்னால் சமணமலை. விடுமுறை நாள் காலையில் அங்கே பெருங்கூட்டம் கூடுவதும், பாறையில் உட்கார்ந்து தொல்லியல் அறிஞர் ஒருவர் சொல்வதைக் கேட்பதும், ஆலமரத்தடியில் சாப்பிட்டுவிட்டுக் கலைவதும் இன்று பழகிய காட்சி. இதை மரபு நடை என்கிறோம். மேலூர் வட்டாரத்து மலைகளைக் கிரானைட் குவாரிகள் தின்றுகொண்டிருந்த காலத்தில், 2010-இல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை இந்தப் பழக்கத்தை மதுரையில் நிலைநிறுத்தியது. இன்று தமிழகத்தின் பல ஊர்களில் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன. உள்ளூர் வரலாற்றை ஊராரோடும் வெளியூர் பயணிகளோடும் பகிர்வதற்கு நம்மிடம் உள்ள வழிகளில் இதுவே உயிர்ப்பானது என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இதன் குறைகளைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இதன் வலிமை. மாங்குளம் மலையை எடுத்துக்கொள்வோம். அங்கே குகைத்தளத்தின் நெற்றியில், பாறையின் குறுக்கே நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே வராமல் வெளியே சொட்டிவிடும். கீழே, தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகள். காடியை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்துகள். நடுப்பகலில் போனால் அந்த எழுத்துகள் வெறும் கீறல்களாகத் தெரியும். சாய்ந்த காலை வெயிலில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். கணிநந்தன் என்ற துறவிக்காக, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி இந்தப் பள்ளியைச் செய்துகொடுத்தான் என்கிறது ஒரு கல்வெட்டு. வெள்ளறை ஊர் வணிகர் குழுவைச் சொல்கிறது இன்னொன்று. 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்த இந்த எழுத்துகளைத் தமிழ் என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைத்தார். இவ்வளவையும் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் மழைக்காடியின் கீழே நின்று, ஒரு மன்னனின் ஆள் ஒரு துறவி நனையாமல் தூங்குவதற்காகக் கூலி கொடுத்துப் பாறையை வெட்டச் சொன்னான் என்று உணர்வது புத்தகத்தில் வராது. இடத்தில் நின்று கேட்கும்போது வரலாறு மனித அளவுக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது வலிமை இதைவிடப் பெரிது. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் கதை உண்டு. சமணர் ஏவிய யானை கல்லாய்ச் சமைந்து ஆனைமலை ஆயிற்று, பாம்பு நாகமலை ஆயிற்று, பசு பசுமலை ஆயிற்று என்பார்கள். ஞானசம்பந்தரிடம் வாதில் தோற்று எண்ணாயிரம் சமணர் கழுவேறியதோடு பாண்டிய நாட்டில் சமணம் முடிந்தது என்ற கதை இன்றும் சரித்திரம்போலச் சொல்லப்படுகிறது. சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டினர். ஆனைமலையிலும் சமணமலையிலும் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்குவித்த அச்சணந்தி முதலானோரின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பழனி அருகே ஐவர்மலையில் உள்ள சமணக் கல்வெட்டு இரண்டாம் வரகுண பாண்டியனின் ஆட்சியாண்டையும் சக ஆண்டு 792-ஐயும், அதாவது கி.பி. 870-ஐ, சேர்த்தே சொல்கிறது. ஆனைமலையிலேயே, 770-இல் பாண்டியனின் அமைச்சன் மாறன் காரி எடுத்த நரசிங்கப் பெருமாள் குடைவரையும் இருக்கிறது. முடிந்துபோனதாகச் சொல்லப்படும் சமயம் இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அதே மலையில், பெருமாளுக்குப் பக்கத்தில், அரசின் கண் முன்னே தழைத்திருக்கிறது. மேடையில் இதைச் சொன்னால் விவாதம் வெடிக்கும். சிற்பத்தின் முன்னால் நின்று சொன்னால் எதிரே கல் இருக்கிறது. கேட்பவர் தாமே எண்ணிப் பார்க்கிறார்.

மூன்றாவது வலிமையை மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி காட்டியது. கழிஞ்சமலை, முற்காலப் பாண்டியர் குடைவரை, அதில் லகுலீசர் சிற்பம், சமணர் படுக்கை, பிராமி எழுத்து, ஆனைகொண்டான் கண்மாய், ராஜாளிப் பறவைகள் எல்லாம் ஒரே ஊரில். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியை உள்ளடக்கிய சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு விவசாயிகள் பெருந்திரளாக நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வயலும் கண்மாயும் போய்விடும் என்ற அச்சம்தான் அந்த மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அவர்கள் பேச்சில் கற்படுக்கையும் கல்வெட்டும் குடைவரையும் தடையில்லாமல் வந்தன. பல ஆண்டுகளாக அந்த மலையில் ஏறி இறங்கியவர்கள், ஊர் இளைஞர்கள், பறவை பார்ப்பவர்கள், ஆய்வாளர்கள் எல்லாரும் சேர்ந்து விதைத்த சொற்கள் அவை. பகிரப்பட்ட வரலாறு எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த தெளிவான விடை இது.

அரிட்டாபட்டியில் ஊராரே பேசினார்கள். பெரும்பாலான மரபு நடைகளில் அது நடப்பதில்லை. நகரத்திலிருந்து வருபவர்கள் வருகிறார்கள், நகரத்திலிருந்து வரும் அறிஞர் பேசுகிறார், திரும்புகிறார்கள். ஊரார் வண்டி நிறுத்த இடம் காட்டுகிறார்கள், சமைத்துப் போடுகிறார்கள், ஓரமாக நின்று பார்க்கிறார்கள். அவர்கள் வாயில் வரும் கதை திருத்தப்பட வேண்டிய பிழையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கற்படுக்கையைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று கிழவர் ஒருவர் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பு எழும். சமணமலையின் செட்டிப்புடவில் அமர்ந்திருக்கும் நீள்காது மகாவீரர் உருவத்தை ஊரார் செட்டியார் என்று நினைத்தார்கள் என்பது எல்லா நடைகளிலும் சுவைக்காகச் சொல்லப்படுவது. எனக்கு அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. மகாவீரர் என்ற பெயரே இப்பக்கத்தில் மறைந்துபோன பல நூற்றாண்டுகள் அந்த உருவத்தை யாரும் உடைக்கவில்லை. தமக்குத் தெரிந்த ஒரு மனிதராக ஏற்றுக்கொண்டு அடிவாரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். அதே மலையின் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களைப் பேச்சியம்மனின் பெயர் சூழ்ந்துகொண்டதும் அப்படித்தான். கல்லில் எழுதியவர்களின் வரலாறு பெரும்பாலும் 10-ஆம் நூற்றாண்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் கல்லைக் காத்தவர்களின் வரலாறு அந்தக் கதைகளில்தான் இருக்கிறது. கதை தேதி சொல்லாது என்பது உண்மை. ஆனால் யார் அந்த இடத்தோடு எப்படி உறவு வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லும்.

இதைவிடக் கனமான விடுபடல் ஒன்று உண்டு, அதுவும் இதே கீழக்குயில்குடியில். 1911-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களைக் கொண்டுவரத் தொடங்கியபோது, 1914-இல் முதலில் சிக்கிய ஊர்களில் ஒன்று இது. ரேகைச் சட்டம் என்பார்கள் ஊரில். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவலர் முன் ஆஜராக வேண்டும், ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்கு அப்பால் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் நீங்கியது 1947-இல்தான். செட்டிப்புடவுக்குப் போகும் வழியில் நாம் கடந்துபோகும் வீடுகளில் இன்று இருக்கும் முதியவர்களின் தகப்பன்மார் அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தவர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய துறவியின் பெயரைக் கேட்க மலை ஏறுகிறோம்; நூறாண்டுக்கு முன் அடிவாரத்தில் நடந்ததைக் கேட்காமல் இறங்கிவிடுகிறோம்.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன். சாதி தொட்ட பேச்சு சிக்கலானது. வந்தவர்களில் ஒருவர் பெருமையாக எடுத்துக்கொள்வார், இன்னொருவர் புண்படுவார். தொல்லியல் அறிஞருக்கு அது துறையும் அன்று. நியாயம்தான். ஆனால் எண்ணாயிரம் சமணர் கதையும் சிக்கலானதுதானே? அதைக் கையாளக் கற்றுக்கொண்ட குழுக்களுக்கு இது முடியாததாக இருக்க முடியாது. பழமையானது மட்டுமே மரபு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது, அதுதான் தடை. கண்மாயின் மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுத்த நீர்ப்பாய்ச்சியின் கணக்கும் இந்த எண்ணத்தால்தான் வெளியே நிற்கிறது. குடைவரைக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் நடை, அந்தக் குடைவரை இருக்கும் ஊரை இன்றும் வாழவைக்கும் கண்மாய்க் கரையில் ஐந்து நிமிடம் நிற்பதில்லை.

சென்னையில் இதே கோளாறு வேறு உருவில் இருக்கிறது. 2004 முதல் கொண்டாடப்படும் மெட்ராஸ் தினம் அந்த நகரத்தின் தெருக்களையும் கட்டடங்களையும் மக்களுக்கு அறிமுகப்படுத்தியதில் பெரும்பங்கு ஆற்றியிருக்கிறது. ஆனால் அது பிடித்துக்கொண்டிருக்கும் தேதி 1639 ஆகஸ்ட் 22, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள். பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு திருவல்லிக்கேணிக் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே யார் வரலாறு சொல்லப்படுகிறது என்பது முடிவாகிவிடுகிறது.

இன்னொரு குறை அண்மையில் வளர்ந்தது: மிகைப்படுத்தல். 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் மதுரைப் பக்கம் வரும் பயணிகளின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. கூடவே, எதைக் காட்டினாலும் அதை உலகிலேயே பழமையானதாக்கிச் சொல்லும் பழக்கமும் பெருகியிருக்கிறது. கரிமப் பகுப்பாய்வு ஓர் அடுக்கில் கிடைத்த பொருளுக்குக் காலம் தருகிறது. அதை அந்த இடத்தில் கிடைத்த எல்லாவற்றுக்கும், பிறகு மொத்தப் பண்பாட்டுக்கும் நீட்டிவிடுகிறோம். மாங்குளம் எழுத்தின் காலத்தில்கூட அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை ஒளிக்க வேண்டியதில்லை. கல் சொல்வது இது, ஆய்வாளர் ஊகிப்பது இது, ஊர் சொல்வது இது என்று மூன்றையும் பிரித்துச் சொன்னால் கேட்பவர் குழம்பமாட்டார். நம் மக்கள் புராணத்தையும் வழக்கையும் ஒரே மூச்சில் கேட்டுப் பிரித்தறியத் தெரிந்தவர்கள்.

கூட்டம் செய்யும் சேதத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரியும். எழுத்து படத்தில் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, சிற்பத்தின் மடியில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுப்பது, வழியை இணையத்தில் போட்டுவிட்டு அடுத்த வாரம் அங்கே மதுப்புட்டி கிடக்கிறதே என்று வருந்துவது. நல்ல குழுக்கள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. தொல்லியல் துறையின் பலகைகள்தாம் உதவுவதில்லை. எதைச் சிதைத்தால் எவ்வளவு தண்டனை என்பதைப் பெரிதாக எழுதும் பலகை, எதிரே இருப்பது என்ன என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகிறது, சில இடங்களில் அதுவும் இல்லை. நடை நடக்காத நாளில் தனியாக வரும் பயணிக்கு மலை ஊமை.

அந்தப் பயணிக்குச் சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். மரபு நடைகள் பெரும்பாலும் தன்னார்வத்தில் நடப்பவை. அதன் அழகு அதுதான், வரம்பும் அதுதான். அறிஞர் இலவசமாக வருகிறார், வந்தவர்கள் நன்றி சொல்லிப் போகிறார்கள், ஊருக்கு நிலையான வருமானமோ பொறுப்போ எதுவும் உருவாவதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்றை நடத்தினார்கள். மாணவர்கள் கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டு, தங்கள் ஊர்களில் கிடந்த பானை ஓட்டையும் பழைய காசையும் எடுத்து வந்து, ஊர்ப்பெயர்களையும் வழக்குகளையும் தாங்களே பதிவு செய்தார்கள். அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை தெரியும், மைப்படி எடுக்கவும் தெரியும். கீழக்குயில்குடியிலும் அரிட்டாபட்டியிலும் மாங்குளத்திலும் அப்படிப் பத்துப் பிள்ளைகள் இருந்தால், அறிஞர் பேசி முடித்ததும் ஒலிபெருக்கி அவர்கள் கைக்குப் போகலாம். அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் மலையைப் பற்றித் தாங்களே பேச வல்லவர்கள் என்பதை 2025 ஜனவரியில் பார்த்துவிட்டோம். அடுத்த நடையின் அழைப்பிதழில் பேசுபவர் பெயர் இருக்கும் இடத்தில் ஊர்க்காரர் ஒருவரின் பெயரையும் அச்சிட்டுத் தொடங்கலாம், அவருக்குரிய ஊதியத்தோடு.