டர்போ விசில்

1988இல் டெல்கோ இறக்கிய டாடா மொபைல் பிக்கப்புக்கு நான்கு சிலிண்டர், 1948 சிசி டீசல் எஞ்சின். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிப் பெட்டி சுமக்கும் சமவெளி ஓட்டத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏற்றினால்தான் முனகும். கறுப்பாய்ப் புகை கக்கும். அந்தக் கறுப்பு, காற்று போதாமல் அரைகுறையாய் எரிந்த டீசல்.

1998இல் வந்த டாடா சஃபாரியில் அதே 1948 சிசிக்கு டர்போ பூட்டினார்கள். சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905இலேயே காப்புரிமை கேட்ட யோசனை அது: வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும், அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். எத்தனை கெட்டிக்காரக் கஞ்சத்தனம்!

அந்தத் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றையும் தாண்டும். உராயாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். மலை ஏறி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் தண்டின்மேல் கரியாகப் படியும். விவரமான டிரைவர் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் அணைப்பார்.

பழைய வண்டியில் டர்போவை மட்டும் மாட்டினால் போதாது. ஆயில் லைன், பம்ப் செட்டிங், ஹெட் கேஸ்கெட் எல்லாமே கூட வர வேண்டும். மாற்றத்துக்கு அனுமதி கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறுவது தனிக் கதை.