75 மில்லிமீட்டர் பின்னால் போன கான்டெஸா

கான்டெஸாவின் பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது என்ஜின் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் காலியிடம். 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இந்தக் காரின் உடல் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். அதே குடும்பத்து வென்டோராவில் 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின் இருந்தது. இங்கே வந்தபோது அந்த இடத்தில் உட்கார்ந்தது அம்பாசடரின் 1,489 சிசி என்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். போதவில்லை. பிறகு கம்பெனியே இசுஸு 1.8 லிட்டர் என்ஜினை ஐந்து கியரோடு கொடுத்தது. பழைய வண்டிக்காரர்கள் சிலர் அதைத் தேடிப்பிடித்து மாட்டிக்கொண்டார்கள்.

நான் ஓட்டிப் பார்த்த கோயம்புத்தூர் வண்டி அந்த ரகம். முதலில் மாட்டியவர் செலவைச் சுருக்கியிருக்கிறார். புது என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து பழையதைவிட நீளம். பிராப்பல்லர் ஷாஃப்டை வெட்ட மனமில்லாமல் என்ஜினை முன்னால் தள்ளிவிட்டார். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையாது. சம்ப் கிராஸ்மெம்பரில் இடிக்காதிருக்க, முன் மவுண்டுக்கு அடியில் வாஷர்களை அடுக்கித் தூக்கி வைத்திருந்தார். சடன் பிரேக் அடித்தால் என்ஜின் ரப்பரோடு முன்னால் அசையும். ஃபேன் சுரண்டிய தடம் ரேடியேட்டரில் வட்டமாக இன்னும் இருக்கிறது.

இப்போதைய உரிமையாளர் புது பிராக்கெட் அடித்து என்ஜினை 75 மி.மீ. பின்னுக்கும் 20 மி.மீ. கீழுக்கும் இறக்கியிருக்கிறார். பின்னால் போனதால்தான் கீழே இறங்க முடிந்தது: சம்பின் ஆழமான பகுதி இப்போது கிராஸ்மெம்பரைத் தாண்டி விழுகிறது. இடைவெளி பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. கிராஸ்மெம்பர் மேல் களிமண் உருண்டைகளை வைத்து, மேடுபள்ளத்தில் ஓட்டி, திரும்பி வந்து நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தார்கள். மிகக் குறுகிய இடத்தில் 12 மி.மீ. தாராளம்.

“மூக்கு பாரம் போயிருச்சுங்க, வண்டி பஞ்சாட்டம் திரும்புது” என்றார் மெக்கானிக். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்து 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வீல்பேஸ் 2,667 மி.மீ. 180-ஐ 75-ஆல் பெருக்கி 2,667-ஆல் வகுத்தால், முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போன பாரம் 5 கிலோ. லாரி எடை மேடையில் ஏற்றினால் முள் அசைந்ததா என்றே சந்தேகம் வரும். பானெட்டுக்குள் இருக்கும் 16 கிலோ பேட்டரியை மூன்று மீட்டர் தள்ளி டிக்கியில் வைத்தாலே 18 கிலோ பின்னுக்குப் போய்விடும். செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

ஆனாலும் மெக்கானிக் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. முன்பு 70-ஐத் தாண்டினால் தரை அதிரும் என்றார்கள். இப்போது 100 வரை அந்த அதிர்வு இல்லை. வாஷர் அடுக்கியதால் என்ஜினின் முன்பக்கம் தூக்கி, கியர்பாக்ஸின் வால் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. கியர்பாக்ஸ் ஷாஃப்டும் டிஃபரன்ஷியல் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் இரண்டு யு.ஜே. கிராஸ்களின் ஏற்ற இறக்கமும் ஒன்றையொன்று ஈடுகட்டும். இப்போது இணை. ஷாஃப்டை வெட்டிச் சிறிதாக்கி மறுபடி பேலன்ஸும் செய்திருக்கிறார்கள். அதிராத வண்டியில் ஸ்டீயரிங் லேசாகத் தெரிவது இயல்பு. இந்த வேலையின் உண்மையான லாபம் அதிர்வு போனதும் ரேடியேட்டர் பிழைத்ததும்தான்.

தொல்லைகளும் உண்டு. கியர் லிவரும் 75 மி.மீ. பின்னால் வந்துவிட்டது; இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது முழங்கை சீட்டின் முதுகில் இடிக்கிறது. லிவரை வளைத்திருக்கலாம். ஃபயர்வால் பக்கம் சூடு அதிகம், வெயிலில் காலுக்குத் தெரிகிறது. பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போகாது. கிளட்ச் மாற்ற வேண்டுமானால் என்ஜினைச் சாய்த்தாக வேண்டும். இப்படி ஒரு வண்டியை வாங்குகிறவர்கள், என்ஜின் மாற்றியது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதைக் கேட்கும்.

பேட்டரி இன்னும் முன்னால்தான் இருக்கிறது. டிக்கிக்கு மாற்றுவதாக உரிமையாளர் சொல்கிறார். தடித்த கேபிளும், பேட்டரியை ஒட்டியே ஒரு பெரிய ஃப்யூஸும் போடச் சொல்லியிருக்கிறேன்.