ஐந்து மீட்டர் துல்லியம் எதுக்கு?

மலையேற்றத்துக்கான ஜிபிஎஸ் கருவிகளைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலும் ஒரே சோதனைதான். இரண்டு கருவிகளைப் பையில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். இரண்டும் பதிந்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எது பாதையை ஒட்டி வருதோ அதுக்கு அதிக மதிப்பெண். 2000 மே மாதத்துக்கு முன்னால் இதில் அர்த்தம் இருந்திருக்கும். அதுவரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது; நூறு மீட்டர் வரைகூட தள்ளிக் காட்டும். இன்னைக்கு சாதாரண செல்போனே திறந்த வானத்துக்குக் கீழே சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிடுது. பாறைச் சுவர் பக்கத்திலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் பிழை கூடும். உயரக் கணக்கு எப்பவுமே இன்னும் கொஞ்சம் மோசம்.

சரி, இந்த 5 மீட்டர் மலையில் எதுக்கு உதவுது?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸை எடுத்துக்கலாம். 1,345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான மலை. 2021 ஜூலையில் ஜான் மியூர் டிரஸ்ட், மவுண்டனீரிங் ஸ்காட்லாந்து என்ற இரண்டு அமைப்புகள் ஓர் எச்சரிக்கை விட்டன: கூகுள் மேப்ஸ் காட்டும் வழியில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. சிகரத்துக்கு மிக அருகில் இருக்கும் கார் நிறுத்தத்துக்கு அந்தச் செயலி ஆட்களைக் கூட்டிப்போனது; அங்கிருந்து உச்சிவரை ஒரு புள்ளிக்கோடு. நேர்தூரத்தில் அருகில்தான். ஆனா நடுவில் இருப்பது பாதையே இல்லாத, பாறை நிறைந்த செங்குத்துச் சரிவு. கவனியுங்க, சிக்னலில் ஒரு குறையும் இல்லை. நிற்கிற இடத்தை அது சரியாத்தான் சொல்லியிருக்கும். தப்பு அந்தக் கோட்டில். எந்தத் துல்லியச் சோதனையிலும் இது மாட்டாது.

உச்சியில் மேகம் மூடினால் கதை வேற. ஒருபக்கம் வடக்கு முகத்தின் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்ற பள்ளம். இரண்டுக்கும் நடுவில் இறங்க ஒரு பழைய கணக்கு இருக்கு: உச்சித் தூணிலிருந்து 231 டிகிரி திசையில் 150 மீட்டர், அப்புறம் 282 டிகிரி. காம்பஸைப் பிடித்து, அடிகளை எண்ணி நடக்கணும். 5 டிகிரி பிசகினாலே 150 மீட்டர் முடிவில் 13 மீட்டர் தள்ளி நிற்போம். அதனால "காம்பஸ் ஒண்ணே போதும்" என்கிற பழைய ஆட்களோடும் எனக்கு ஒத்துப்போகல. திரும்ப வேண்டிய இடத்துக்கு வந்துட்டோமா என்ற கேள்விக்கு ஜிபிஎஸ்தான் நல்ல பதில் தரும். எந்தப் பக்கம் திரும்பணும் என்பதில்தான் அது தடுமாறும். ஏன்னா நாம் நகர்வதை வைத்துத்தான் அது திசையைக் கணிக்குது. நின்றுவிட்டால் கருவிக்குள் இருக்கும் காந்தக் காம்பஸை நம்பணும்; அதுவோ செல்போன் உறையில் இருக்கும் சின்னக் காந்தத்துக்கே ஏமாறும்.

விமர்சகர்கள் இதைச் சோதிக்கலாமே. நின்ற இடத்தில் திசை சரியா காட்டுதா, கையுறையோட பொத்தானை அழுத்த முடியுதா, குளிரில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குது, வரைபடத்தில் சம உயரக் கோடுகள் நெருங்குவது சின்னத் திரையில் கண்ணுக்குப் படுதா... இதுக்கெல்லாம் மேகம் மூடிய ஒரு நாள் வேணும். கோடுகளை ஒப்பிட வீட்டு மேசையே போதும்.