இரண்டு கீபோர்டும் பாக்கும்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டில் இரண்டு கீபோர்டுகள் எதிரெதிரே இருக்கின்றன. தங்கச்சி ஒன்றில், நான் மற்றதில். இரண்டிலும் ஹார்ப்சிகோர்ட் என்ற பழைய தந்தி விசைக்கருவியின் ஒலியை வைத்து, இசையமைப்பாளர் பாக்கின் இரட்டை வயலின் கொன்சேர்ட்டோவை வாசிப்போம். 1736 அளவில் அதை இரண்டு ஹார்ப்சிகோர்ட்டுக்கு மாற்றியவரும் பாக்தான். வயலினின் உச்ச சுரம் அவருடைய ஹார்ப்சிகோர்ட்டில் எட்டாது. அதனால் டி மைனரிலிருந்து சி மைனருக்கு இறக்கினார்.

கடினம் இரண்டாம் பகுதியில். வயலின் வில் ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டே போகும். ஹார்ப்சிகோர்ட்டில் தந்தியை மீட்டுவது சீவிய இறகுமுனை. அந்தக் காலத்தில் காக்கை இறகும் உண்டு. மீட்டியதும் ஒலி தேயத் தொடங்கிவிடும். தங்கச்சியின் நீள்சுரம் கரையுமுன் என் கை கீழிருந்து ஏறிவந்து தாங்க வேண்டும், கோயிலில் ஒரு நாதஸ்வரம் மூச்சு வாங்க மற்றது பிடிப்பதுபோல. எனக்கு வயலினைவிட இதுவே இனிக்கிறது. ஒலி தேய்வதால் இரண்டு குரலும் பிரிந்து கேட்கின்றன.

கடற்கரை ரயில் வரும்போது யன்னல் அதிரும். ஹார்ப்சிகோர்ட்டில் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அதிகரிக்காது. ரயில் போகும்வரை தாளத்தை மட்டும் விடாமல் பிடித்திருப்போம்.